ஹவோட் எம்லின் மறைத்த சொறி

ஹவோட் வீட்டு எம்லினைப் பற்றி வெளியாள் யாராவது குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். நான் சொன்னால் அது வேறு விஷயம். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு அழுததையும் பார்த்திருக்கிறேன், பொதுமலை மேய்ச்சலைக் கவனிக்கிற கமிட்டிக்குத் தலைவராகி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். என் பெயர் மெனா. கெரிக் வீட்டுக்காரி என்றால்தான் இங்கே தெரியும். எங்கள் வேல்ஸ் மலைப் பக்கம் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அதனால் வீட்டின் பெயரைச் சேர்த்தே ஆளைக் கூப்பிடுவோம்.

எம்லினுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அவன் அப்பா ஆட்டுப்பட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மறுநாள் காலையில் மந்தை அவன் கைக்கு வந்துவிட்டது. வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டான். ரக்பி பார்க்க இரண்டு தடவை கார்டிஃப் போனான், இரண்டு தடவையும் அன்றைக்கே திரும்பி வந்தான். எங்கள் ஊர்ச் சிற்றாலயமான சேப்பலில் அடிக்குரலில் பாடுவான். அந்தக் குரலைக் கேட்டால் நல்ல மனுஷன் என்று தோன்றும். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் பெருமை கொஞ்சம் அதிகம். தன் ஆட்டுக்குக் கால் நொண்டினால் கல் குத்தியிருக்கும் என்பான். அடுத்தவன் ஆடு நொண்டினால் கவனிப்பு போதவில்லை என்பான்.

மலையில் ஆடு வளர்த்து ஒருவன் பணக்காரன் ஆனான் என்று கேள்விப்பட்டால் நம்பாதீர்கள். அவன் ஆட்டு மருந்து விற்றிருப்பான். குளிர்காலத் தீவனம், கிடா வாங்க, டீசல், மருந்து, செத்த ஆட்டை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்குக் கூலி, இப்படி எல்லாப் பக்கமும் கை நீட்டிக்கொண்டே இருக்கும். மயிர் கத்தரிக்க வருகிற பையன்களுக்கு ஓர் ஆட்டுக்குக் கொடுக்கிற கூலி, அந்த ஆட்டின் மயிருக்குக் கிடைக்கிற விலையைவிட அதிகம். ஆனாலும் கத்தரிக்காமல் விட முடியாது, விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். கம்பளிக்கு வருகிற செக்கை வங்கியில் போட எம்லினுக்கு வெட்கம். போய்வர ஆகிற டீசலுக்கு அதுவே சரியாகிவிடும். குட்டி விற்ற பணமும் அரசாங்க மானியமும் பண்ணை வாடகைக்கும் தீவனத்துக்கும் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிவது அவன் மனைவி கெயின்வென் பள்ளிக்கூடச் சமையலறையில் வாங்குகிற சம்பளத்தில்.

"பள்ளிக்கூடத்துல நூறு பிள்ளைங்களுக்கு ஊட்டிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தா நானூறு ஆட்டுக்கு ஊட்டுறேன்," என்பாள் கெயின்வென். "எது நன்றி சொல்லுதுன்னு நெனைக்கிறே?"

"பிள்ளைங்களா?" என்பேன்.

"ஒண்ணும் கிடையாது."

அப்படியானால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பொதுமலையில் வேலி கிடையாது. பதினோரு வீட்டு ஆடுகளும் ஒரே மலையில்தான் மேய்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தனக்குப் பழகின இடத்தைவிட்டு நகராது. எந்த ஓடையில் நீர், எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காது என்று தாயாடு குட்டிக்குக் காட்டும், அந்தக் குட்டி தன் குட்டிக்குக் காட்டும். அந்த வரிசையை ஒரு தடவை அறுத்தால் திரும்பக் கட்ட முடியாது. காசு கொடுத்து வெளியூர் ஆட்டை வாங்கி விட்டால் அது ஒரே வாரத்தில் அடுத்த மாவட்டத்தில் நிற்கும். அதனால் இங்கே யாரும் மலை மந்தையை விற்பதில்லை. வீடு கைமாறினாலும் ஆடு வீட்டோடுதான் போகும்.

சொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. ஆட்டின் தோலில் புகுந்துவிட்டால் ஆடு கல்லிலும் கம்பியிலும் உரசி உரசி மயிரைப் பிய்த்துக்கொள்ளும், தன்னையே கடிக்கும், மேயாமல் இளைத்துச் சாகும். ஒரு வீட்டு மந்தைக்கு வந்தால் மலையில் இருக்கிற எல்லோருக்கும் வரும். எல்லோரும் ஒரே சமயத்தில் ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தால்தான் போகும். ஒரு வீடு விட்டாலும் அத்தனை பேர் பணமும் தண்ணீரில் போனது மாதிரிதான். நோய் யாருக்கும் வரும், அது குற்றமில்லை. ஆனால் எங்கள் ஊரில் வீட்டில் திருடன் இருக்கிறான் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வார்கள், ஆட்டில் சொறி இருக்கிறது என்று சொன்னால் தாங்க மாட்டார்கள்.

அப்படி ஒரு பெயர் பான்ட் வீட்டு டெக்வினுக்கு முன்பு வந்தது. எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவன், தமாஷாகப் பேசுவான். ஒரு வருஷம் வாங்கி வந்த கிடாவோடு சொறியும் வந்துவிட்டது. பார்த்த அன்றைக்கே எல்லார் வீட்டுக்கும் போன் செய்து சொன்னான். அதற்கு அவனுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? சந்தை டீக்கடையில் எம்லின் தட்டை வைத்துவிட்டு எல்லார் காதிலும் விழும்படி, "மலிவா கிடா வாங்கினா சொறி இலவசம்பா" என்றான். கடையே சிரித்தது. அந்த வருஷம் டெக்வினின் குட்டிகளை ஒருத்தன் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். எங்கள் மலையில் பனிக்காலம் பொல்லாதது. அந்த வருஷம் பிறந்த குட்டிகள் தாங்காது என்பதால் எங்களில் பலர் அவற்றைக் கடலோரத்துப் பண்ணைகளுக்கு அனுப்பிவிடுவோம். தலைக்கு இவ்வளவு என்று வாரக் கூலி கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதலில் திரும்பி வரும். எம்லின் வழக்கமாக அனுப்பும் பண்ணைக்காரன் அந்த வருஷம் கூலியை ஏற்றிவிட்டான். எம்லின் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொரு பண்ணைக்கு அனுப்பினான். அங்கே ஒரு வியாபாரியின் ஆடுகளும் அதே வயலில் மேய்ந்தன. மலிவு பார்க்கப்போன இடத்தில்தான் வந்தது.

ஏப்ரலில் இளசுகள் லாரியிலிருந்து இறங்கினபோதே இரண்டு மூன்று சுவரில் உரசிக்கொண்டு நின்றனவாம். எம்லினுக்குத் தெரியாமலா இருக்கும்? நாற்பது வருஷம் ஆடு பார்த்தவன். ஆட்டு டாக்டரைக் கூப்பிடவில்லை, டாக்டர் வண்டி வாசலில் நின்றால் ஊர் பார்க்குமே. நம்மூர்க் கடையில் மருந்து வாங்கவில்லை, கடைக்காரனுக்கு வாய் நீளம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஊசி மருந்து வாங்கி வந்து, கெயின்வென் வேலைக்குப் போன நேரத்தில் தனியாளாக ஒவ்வொன்றையும் பிடித்துக் குத்தினான். இளசுகளுக்கு மட்டும். பெரிய ஆடுகளுக்கும் குத்த வேண்டுமானால் மருந்துச் செலவு எங்கேயோ போய்விடும், மனைவிக்கும் தெரிந்துவிடும். ஆனால் இளசுகள் அதற்குள் தாயாடுகளோடு சேர்ந்து ஒரு வாரம் நின்றிருந்தன. மே மாதம் எல்லாவற்றையும் மலையில் ஏற்றிவிட்டான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

செப்டம்பரில் பதினோரு வீடும் ஒரே நாளில் மலையேறி ஆடுகளை மொத்தமாக ஓட்டி இறக்குவோம். அடிவாரப் பட்டியில் காதில் வெட்டிய அடையாளத்தையும் முதுகுச் சாயத்தையும் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்வோம். நல்ல வெயில் நாள். நாய்கள் குரைக்க, எல்லோரும் கத்த, திருவிழா மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு என் ஆடுகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தோளில் மயிர் இல்லை. ஒன்றின் விலாவில் கை வைத்தேன், அது உதட்டை மென்றுகொண்டே நடுங்கியது. சொறி. சந்தேகமே இல்லை. அடுத்த பட்டியிலும் அதே கதை.

யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்னப்பா டெக்வின், மறுபடியுமா?" என்றான் ஒருத்தன்.

"இந்தத் தடவை கிடா என்ன விலை?" என்றான் இன்னொருத்தன்.

நானும் கத்தினேன், எனக்கு ஆத்திரம். டெக்வின் கையிலிருந்த ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "போன தடவை என்னுது. நானே சொன்னேன். இந்தத் தடவை என்னுது இல்ல. நான் கிடாவும் வாங்கல, ஆட்ட வெளியவும் அனுப்பல. நல்லா விசாரிச்சுப் பாருங்க."

எம்லின் அப்போது தன் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணினான், எண்ணினான், எண்ணிக்கொண்டே இருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அந்த வாரமே சேப்பலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் கூட்டம். டீயும், வெண்ணெய் தடவின பழரொட்டியும் இருந்தன, யாரும் தொடவில்லை. தலைவர் நாற்காலியில் எம்லின். எல்லோரும் டெக்வினை வறுத்தெடுத்தார்கள். உன்னால் சந்தைக்குக் குட்டி போகவில்லை, மருந்து முக்குகிற செலவை நீதான் கொடுக்கணும், இப்படி. டெக்வினின் மனைவி ரியன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

எம்லின் எழுந்தான். தொண்டையைச் செருமினான். சொல்லிவிடத்தான் எழுந்தான் என்று இப்போது நினைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. வாயைத் திறந்தவன் இப்படிச் சொன்னான்: "யாரோட ஆடுன்னு தோண்டிக்கிட்டு இருந்தா ஆடு பொழைக்குமா? யாரையும் குத்தம் சொல்ல வேணாம். எல்லாரும் அவங்கவங்க செலவுல, ஒரே நாள்ல முக்குவோம்."

கூட்டமே நெகிழ்ந்துபோனது. "அதான் தலைவர்," என்றார்கள். ஒருத்தர் கைகூடத் தட்டினார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. செய்தவன் மன்னிக்கிற இடத்தில் நின்றான், செய்யாதவன் மன்னிக்கப்படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

டெக்வின் மட்டும் சிரித்தான். "தலைவருக்கு ரொம்பப் பெரிய மனசு," என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு ரியனோடு வெளியே போனான்.

அதற்குப் பிறகு பான்ட் வீட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அடி. வழக்கமாகக் குட்டி எடுக்கிறவன் உன் வீட்டுக் குட்டியே வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். எங்களுக்கும் குட்டி தேங்கியதுதான், ஆனால் மருந்து முக்கிய பிறகு எங்களுக்கு ஆள் வருவார்கள். டெக்வினுக்கு வர மாட்டார்கள். வாடகை நாள் நெருங்கியது. ரியனும் கெயின்வென்னும் ஒரே சமையலறையில் வேலை செய்கிறவர்கள். ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ரியன் உடைந்து அழுதாளாம். "இன்னொரு வருஷம் இந்தப் பேரச் சுமந்துகிட்டு என்னால சந்தைக்குப் போக முடியாது கெயின்வென். மொத்தத்தையும் ஏத்திடுன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில லாரி வருது."

சொறி பிடித்த மந்தைக்கு லாரி வந்தால் கசாப்புக்கூடம் ஒன்றுக்குத்தான் போகும். வேறு எங்கும் இறக்க விட மாட்டார்கள்.

சாயங்காலம் கெயின்வென் இதை வீட்டில் சொன்னாள். எம்லின் சூப்பில் போட்டிருந்த கரண்டியை எடுக்கவே இல்லை. காலையில் எழுந்து சவரம் செய்தான், நல்ல சட்டை போட்டான், அதைக் கழற்றிவிட்டு வேலைச் சட்டையைப் போட்டான், மறுபடி நல்ல சட்டையைப் போட்டான். "எங்க போறே?" என்று கெயின்வென் வாசல்வரை வந்து கேட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நான் அந்த நேரம் பான்ட் முற்றத்தில் இருந்தேன். சண்டை போட்டவள்தான், ஆனாலும் ஆடு ஏற்ற ஆள் வேண்டுமே. மூன்று அடுக்கு லாரி. தாயாடுகள் பலகையில் ஏற மறுத்தன. மலைப் பக்கமே திரும்பித் திரும்பி நின்றன. டெக்வின் நாயைக்கூடத் திட்டவில்லை. கடைசிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் லாரி கிளம்பியது.

அந்த முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே பாதை முழுக்கத் தெரியும். ஒரு வண்டி மட்டுமே போகிற பாதை. எதிரே எம்லினின் வண்டி வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. லாரிக்காரன் விளக்கை ஒரு தடவை போட்டுக் காட்டினான். எம்லின் என்ன செய்தான் தெரியுமா? எங்கள் ஊரில் யாரும் செய்வதைத்தான் செய்தான். வண்டியைப் பின்னால் எடுத்து, அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, லாரிக்கு வழி விட்டான். லாரி தாண்டும்போது டிரைவருக்குக் கையும் தூக்கினான். ஜன்னலை இறக்கி "நில்லுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மந்தை முழுக்க அவன் தோளுக்குப் பக்கத்தில் போனது.

பிறகுதான் முற்றத்துக்கு வந்தான். கதவைத் திறந்து இறங்கினான். நல்ல சட்டை.

"டெக்வின்," என்றான். "அது என்னுது. ஏப்ரல்லயே எனக்குத் தெரியும். கடலோரத்துல இருந்து வந்த இளசுங்ககிட்டதான் இருந்துச்சு."

டெக்வின் துடைப்பத்தை எடுத்திருந்தான். அதைத் தரையில் ஊன்றினான். "ஏப்ரல்லயா?" என்றான்.

"சொல்லணும்னுதான்... ஒவ்வொரு வாட்டியும்... கூட்டத்துலயே சொல்லணும்னுதான் எந்திரிச்சேன்."

"இப்ப வழியில லாரியப் பாத்தீங்களா?"

எம்லின் பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒதுங்கி வழி விட்டீங்க. நானும் பாத்தேன்," என்றான் டெக்வின். அவ்வளவுதான். குனிந்து முற்றத்தைப் பெருக்க ஆரம்பித்தான். ரியன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் விடவில்லை. "அட நாசமாப் போறவனே! ஒரு போன் போட்டிருந்தா போதுமேடா! வாயில என்ன பஞ்சா வெச்சிருந்தே?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். கையில் ஆடு முட்டிய காயம், கண்ணில் தண்ணீர். எம்லினுக்குப் பெஞ்சில் அழுத பையன் முகம் அப்படியே திரும்ப வந்திருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

ஓடிப்போய் லாரியை மறித்திருக்கலாமே என்பீர்கள். டெக்வினே வேண்டாம் என்றுவிட்டான். மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் இனி அந்தப் பெயரை ஆட்டின் முதுகிலிருந்து யார் கழுவுவது என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்லின் சேப்பலில் பாடவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தனித்தனியாகச் சொன்னான், "என் ஆடுதான். டெக்வினோடது இல்ல." சிலர் தோளைத் தட்டினார்கள், சிலர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடந்தார்கள். தலைவர் நாற்காலியை விட்டான். எல்லார் மருந்துச் செலவையும் தானே தருவதாகச் சொன்னான். கமிட்டி வேண்டாம் என்றது. வாங்கியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அது தெரிந்துதான் வேண்டாம் என்றோமோ என்னவோ.

டெக்வின் பால் லாரி ஓட்டப் போனான். மாசம் பிறந்தால் சம்பளம். "என் வாழ்க்கையில முதல் தடவை மாசக் கடைசியில பையில காசு மிச்சம் இருக்கு மெனா," என்று என் வாசலில் வண்டியை நிறுத்திச் சிரித்தான். "முன்னாடியே யாராவது எனக்குச் சொறி வெச்சிருக்கலாம்." வாஸ்தவம்தான். எங்கள் எல்லோரையும்விட இப்போது அவனுக்குத்தான் வரவு அதிகம். ஆனால் பேசும்போது மலைக்கு முதுகைக் காட்டியபடிதான் நிற்பான்.

மலையில் டெக்வினின் ஆடுகளுக்குப் பழகின இடம் காலியாகக் கிடந்தது. ஓடைக்கு மேலே, தெற்கு பார்த்த சரிவு. மலையிலேயே நல்ல புல் அங்கேதான். வசந்தம் வந்ததும் முழங்கால் வரை எழுந்து நின்றது. பக்கத்து இடம் எம்லினுடையது. ஆட்டுக்குத் தெரியுமா யார் வெட்கப்பட வேண்டும் என்று? தடுக்க எதிர் மந்தை இல்லாததால் எம்லினின் ஆடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நுழைந்தன. சும்மா கிடைக்கிற தீவனம், வேறு எவனாக இருந்தாலும் கண்டும் காணாமல் விட்டிருப்பான். எம்லின் தினமும் காலையில் நாயோடு ஏறினான். ஆடுகளைத் திருப்பித் தன் கோரைப்புல் சரிவுக்கே துரத்தினான். மத்தியானம் மறுபடி நுழையும், மறுபடி ஏறுவான். முட்டி வலிக்காரன். ஆடுகள் இளைத்துப்போயின. கெயின்வென் என்னிடம் வந்து புலம்பினாள், "அந்தாளுகிட்ட நீயாவது சொல்லு மெனா." சொன்னேன். கேட்டால்தானே.

ஜூனில் ஒரு நாள் நான் மேலே சரிந்த கல்சுவரை அடுக்கிக்கொண்டிருந்தேன். எம்லின் மூச்சு வாங்க வந்து, சீட்டி அடித்து நாயை ஏவினான். கீழேயிருந்து ஓர் ஆள் ஏறி வந்தான். மந்தையை லாரியில் ஏற்றியதிலிருந்து அந்தப் பக்கம் கால் வைக்காத டெக்வின்.

"விடுங்க எம்லின்," என்றான். "மேயட்டும்."

"இல்ல. அது உன் இடம்."

"என் இடம்தான். அங்க எது மேயணும்னு நான்தானே சொல்லணும்?"

"என்னால முடியாது டெக்வின். என் ஆடு அங்க வாய் வைக்கிறத நான் எப்படிப் பாப்பேன்?"

டெக்வின் அந்தச் சரிவைப் பார்த்தான். "நான் எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து தினமும் அந்த வெறும் எடத்தப் பாக்குறேன். நீங்க ஒவ்வொரு வாட்டி துரத்தும்போதும் அது மறுபடி காலியாவுது. ஏதாவது ஒண்ணு அங்க மேஞ்சாப் போதும். உங்களோடதா இருந்தாலும் சரி."

எம்லின் சீட்டி அடித்தான். நாய் ஓடுவதை நிறுத்தித் திரும்பி வந்து காலடியில் படுத்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக ஓடையைத் தாண்டிப் போய்ப் புல்லில் தலையை வைத்தன. டெக்வின் பார்த்துக்கொண்டே நின்றான். எம்லின் என் பக்கம் திரும்பி, கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தான். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான்.